மூன்றாம் நம்பரின் பச்சை விளக்கு

"நான் தட்டலைங்க சார். சாமி சத்தியமா தட்டலை!"

பெரம்பலூரில் குருநாதன் வீட்டு வாசலில் நின்று மலர்கொடி சொன்ன முதல் வார்த்தையே இதுதான். அரியலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. குருநாதன் போலீஸ் வயர்லெஸ் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்; வயர்லெஸ் சிக்கல் என்றால் சுற்றுவட்டாரத்தில் அவரைத்தான் தேடிவருவார்கள். இடி விழுந்தாலும் பதறாத மனிதர். அவருடைய மச்சினன் செல்லக்கண்ணுவோ நேர் எதிர். ரேடியோ ரிப்பேர் கடைக்காரன், துப்பு என்று காதில் விழுந்தால் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்துவிடுவான். அன்றைக்கும் வந்துவிட்டான்.

"உக்காரும்மா. மொதல்ல காப்பியக் குடி. அப்புறம் சொல்லு" என்றார் குருநாதன்.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் அவள் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். அந்த எண்பத்தெட்டாம் வருஷம்தான் அங்கே கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். லாரி ஒவ்வொன்றிலும் அந்த லாரியின் நம்பரே எழுதிய ஒரு வயர்லெஸ் செட். பாறைக்கு வெடி போடுமுன் டிரைவர்கள் பள்ளத்தைவிட்டு மேலேறி, செட்டில் ஒரு பொத்தானை அமுக்கவேண்டும். வாய் திறக்கவே வேண்டியதில்லை. திரையில் அந்தச் செட்டின் நம்பர் பச்சையாகும். எல்லாம் பச்சையானால் அவள் வெடி போடச் சொல்லுவாள். ஆயுதபூஜைக்கு மறுநாள், நல்ல நேரம் பார்த்து மூன்று மணிக்குத்தான் வண்டிகளை எடுத்தார்கள். நாலு மணிக்கு எல்லாம் பச்சை. வெடி போட்டார்கள். ஆனால் மூன்றாம் நம்பர் லாரி பள்ளத்துக்குள்ளேயே நின்றிருந்தது! டிரைவர் அரியமுத்து திருச்சி ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

"மூணு பச்சையானத என் கண்ணால பாத்தேன் சார். நீயே கீபோர்டுல தட்டி பச்சையாக்கிட்டேங்கறாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணை ஆபீசர் வராரு, கூடவே போலீசும் வருதாம்." அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "ஜெயிலுக்குப் போனாலும் போறேன். எனக்கே தெரியாம என் கை தட்டிடுச்சோன்னுதான் பைத்தியம் புடிக்குது."

மதியம் மூவரும் சுரங்கத்தில் இருந்தார்கள். மேனேஜர் வேண்டாவெறுப்பாகக் கண்ட்ரோல் ரூமைத் திறந்துவிட்டார். கம்ப்யூட்டர் அச்சடித்திருந்த தாளைக் குருநாதன் கண்ணருகே பிடித்துப் படித்தார். ஒன்று, நாலு, இரண்டு எனப் பச்சைகள் வரிசையாக வந்திருந்தன. 4.02க்கு மூன்று. அதற்குக் கீழே, 4.03 முதல் 4.06 வரை, ஐந்தாம் நம்பர் பேசக் கூப்பிட்டதாக ஆறு வரிகள். 4.07க்கு வெடி.

"அஞ்சு ஏம்மா இத்தன தடவ கூப்பிட்டுச்சு?"

"அது அன்னிக்கு ஒர்க்‌ஷாப்ல கெடந்துச்சு சார். ரிப்பேர் பாக்கறவங்க சும்மா சும்மா அமுக்கி உயிர எடுப்பாங்க. அதனால ஒர்க்‌ஷாப்னு குறிச்சுட்டா அந்த நம்பர் திரையில வராது, ஸ்பீக்கர்லயும் கேக்காது. தாள்ல மட்டும் விழும். மேனேஜர் சார் உத்தரவு."

"மாமா, யாரோ கம்ப்யூட்டர்லயே கைவச்சிருக்கான்!" என்றான் செல்லக்கண்ணு.

"நீ மொதல்ல டிரான்சிஸ்டர ஒழுங்கா ரிப்பேர் பண்ணுடா. வா, வண்டியப் பாப்போம்."

நசுங்கிய லாரியை விபத்து நடந்த இரவே இழுத்துவந்து ஒர்க்‌ஷாப்பில் பூட்டியிருந்தார்கள். சாவி ஃபோர்மேன் சாமிதுரையின் இடுப்பில். கதவைத் திறக்கும்போது அவன் சாவியைத் தலைகீழாகச் செருகியதை மலர்கொடி பார்த்தாள். போலீஸ் வரப்போகிறது, யாருக்குத்தான் பதறாது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நம்பர் லாரியில் ஏறி இறங்கிய குருநாதன் வேட்டியெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்தார். சீட் முழுக்கக் கண்ணாடிச் சில்லு. அடுத்து, கீறல்கூட இல்லாத ஐந்தாம் நம்பர் லாரியில் ஏறினார். செட்டைத் தடவிப் பார்த்தார். செல்லக்கண்ணுவிடம் ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டு வாங்கினார். மணி மூன்றே முக்கால்.

நாலு மணிக்கு ஆபீசர், போலீஸ், மேனேஜர், சாமிதுரை எல்லாரும் கூடினார்கள். குருநாதன் மேஜைமேல் இரண்டு வயர்லெஸ் செட்டுகளை வைத்தார்.

"இது மூணாம் நம்பர் செட். நசுங்கின வண்டியிலேர்ந்து கழட்டினது. பூஜைக்கு வச்ச சந்தனமும் குங்குமமும் பளிச்சுனு இருக்கு. வண்டி பூரா தூசி, இதுல மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்ல. இது அஞ்சாம் நம்பர் செட். ஒர்க்‌ஷாப்ப வுட்டு நகராத வண்டியிலேர்ந்து எடுத்தது. ஸ்பீக்கர் ஓட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. இங்க பாருங்க, அரிசி அளவுக்குக் கண்ணாடிச் சில்லு."

"அப்படின்னா?" என்றார் ஆபீசர்.

"வெடிச்சப்ப அரியமுத்து வண்டியில இருந்தது அஞ்சாம் நம்பர் செட்டு. பூஜைக்கு எல்லா செட்டையும் கழட்டி சாமி முன்னால வச்சாங்க. திருப்பி மாட்டறப்ப நம்பர் மேல சந்தனம். ரெண்டு செட்டு இடம் மாறிப்போச்சு. ஒர்க்‌ஷாப்ல ரிப்பேர் முடிஞ்சதும் ஹாரன அடிச்சு, லைட்டப் போட்டு, அதுல இருந்த மூணாம் நம்பர் செட்டு பொத்தானையும் அமுக்கிப் பாத்திருக்காங்க. அதுதான் இந்தப் பொண்ணு பாத்த பச்சை. அப்புறம் வண்டியப் பூட்டி வச்ச ராத்திரியே செட்டுகளைப் பழையபடி மாத்திட்டாங்க. சாவி ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு."

சாமிதுரை இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தான். "நான்தாங்க மாட்டினேன். நான்தாங்க அமுக்கினேன். புள்ளகுட்டிக்காரன்... பயந்து மாத்திட்டேன். அந்தப் பொண்ணு மேல பழி போவும்னு நெனைக்கலீங்க."

"நெனைக்காம என்ன? ரெண்டு நாளா பாத்துக்கிட்டுத்தான இருந்த!" என்று கத்தினான் செல்லக்கண்ணு.

போலீஸ்காரர் சாமிதுரையை வெளியே அழைத்துப் போனார். மலர்கொடிக்கு அழுகை வரவேண்டிய நேரம், வரவில்லை. அவள் பார்வை தாளிலேயே இருந்தது. அந்த ஆறு வரிகள் யாருடையவை என்று இப்போது தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை அரியமுத்து கண் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவள் திருச்சிக்குப் போனாள். கட்டிலருகே அவன் தம்பி அய்யாக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அவனும் அதே சுரங்கத்தில் டிரைவர். அவள் காட்டும் பச்சையை நம்பி வண்டி எடுக்கமாட்டேன் என்று அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

"வண்டி கெளம்பல. ஆறு தடவ கூப்பிட்டேன் தாயி" என்றான் அரியமுத்து. "நீ கேட்டிருப்பேன்னுதான் வண்டியிலயே உக்காந்திருந்தேன். ஏன் பேசல?"

சாமிதுரை, சந்தனம், மேனேஜர் உத்தரவு, எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

"அந்த நம்பர் சத்தத்த நான்தாங்கண்ணே அடைச்சு வச்சிருந்தேன்" என்றாள். "ஒர்க்‌ஷாப் வண்டிதானேன்னு வுட்டுட்டேன்."

அரியமுத்து போர்வையை நெஞ்சு வரை இழுத்துக்கொண்டான். பிறகு, "நாளைக்கு அந்தக் கண்ட்ரோல் ரூம் சீட்டுல யாரு உக்காருவா?" என்று கேட்டான்.

"நான்தாங்கண்ணே."

அரியமுத்து தம்பியின் பக்கம் மெல்லத் தலையைத் திருப்பினான்.

"நாளைக்கு நீ வண்டி எடுடா."