எட்டு மாதத்துப் பேச்சு

"என் பொண்ணு குரலை அழிச்சிட்டாங்க. யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், இன்னைக்கே அந்த ஆளை வீட்டை விட்டு அனுப்பிடறேன்."

உட்காரும் முன்பே அந்த அம்மாள் சொல்லி முடித்துவிட்டார். பழுதான டிஸ்க்குகளிலிருந்து தகவலை மீட்டுத் தரும் அந்தச் சின்னக் கடைக்கு அழுதுகொண்டு வருகிறவர்கள் உண்டு, சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. இவர் இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். 'டிஸ்க் டாக்டர்' என்று எல்லோரும் அழைக்கும் கடைக்காரி, ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு அவர் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவளுடைய கூட்டாளிக்கு அந்தப் பொறுமை கிடையாது. முப்பது வருடம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, சந்தேகத்திலிருந்து ஓய்வு பெறவில்லை.

"யாரும்மா அந்த ஆளு?" என்று நோட்டைத் திறந்தார்.

"என் மாப்பிள்ளை. வீட்டுல வேற யாரு இருக்கா?"

அவருடைய மகள் பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவு செய்தவள். எட்டு மாதம் படுக்கையில் கிடந்தும் வாசிப்பை விடவில்லை. இறந்து ஏழு வாரம் ஆகிறது. முடித்த பாடங்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருந்தன.

"பாடம் எனக்கு எதுக்கு? அதுல அவ டீச்சர் மாதிரி பேசுவா. படுத்ததுக்கு அப்புறம் நான் பக்கத்துலயே இருந்தேன். மைக்கை நிறுத்தாமலே நடுநடுவுல என்கிட்ட பேசுவா. தண்ணி கேப்பா, கதவைச் சாத்தச் சொல்லுவா, என் மூக்குக் கண்ணாடியைக் கேலி பண்ணுவா. அதெல்லாம் வெட்டிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்க. வெட்டாத பதிவு அந்த கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருந்தது. கேக்கறதுக்குப் போன வாரம்தான் எனக்குத் தைரியம் வந்தது. திறந்தா அந்தப் பேச்சு ஒண்ணுமே இல்ல."

அன்று மதியமே இருவரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. மேஜையில் மைக்கும், கனத்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டியும். பெட்டியின் முகப்பில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்க். ஒவ்வொரு இழுப்பறையிலும் பேனாவால் எண் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது: மேலே எண் இரண்டு, கீழே எண் ஒன்று. மாப்பிள்ளை, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், கதவோரம் தலைகுனிந்து நின்றார்.

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது," என்று ரைட்டர் டாக்டரின் காதில் சொன்னார். அது அறை முழுவதும் கேட்டது.

டாக்டர் திரையைப் பார்த்தாள். பதிவுகள் ஏறக்குறைய பத்து மாதத்துக்கு முந்தைய ஒரு தேதியோடு நின்றுபோயிருந்தன. கடைசியில் இருந்த பெயரை வாசித்தாள். "சரித்திரம், நாலாம் பாடம். இதுவும் உங்க பொண்ணு படிச்சதா?"

"அது பூரா தப்புன்னு படுக்கையில விழுந்த புதுசுல அவளே அழிச்சாளே. என் கண் முன்னாடிதான் அழிச்சா."

"அழிச்சது திரும்ப வந்திருக்கு," என்றாள் டாக்டர். ரைட்டர் அதை எழுதிக்கொண்டார். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது, உள்ளே எச்சரிக்கை மணியின் ஒயர் பிடுங்கப்பட்டு, நுனியில் டேப் சுற்றியிருந்தது.

"நான்தான் பிடுங்கினேன்," என்றார் மாப்பிள்ளை. "அவ படுக்கையில விழுந்த வாரம் கீ கீன்னு கத்த ஆரம்பிச்சுது. அவளால தூங்க முடியல. அப்புறம் என்னன்னு பாக்கலாம்னு விட்டேன். பாக்கவே இல்ல."

"பாத்தீங்களா!" என்றார் அம்மாள்.

"முகப்புல ஒரு பொட்டுத் தூசி இல்லையே," என்றாள் டாக்டர்.

"நான் இருக்கற வீட்டுல தூசியா? போன வாரம் செவ்வாய்க்கிழமை அறை முழுக்கத் துடைச்சேன். அந்த இழுப்பறை ரெண்டையும்கூட வெளியே எடுத்துத் துடைச்சுத்தான்..."

"நான்தான் அழிச்சேன்," என்றார் மாப்பிள்ளை சட்டென்று. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்து அழிச்சேன். அவ பேச்சைக் கேக்க முடியல. நான் போயிடறேன் அத்தை."

முப்பது வருடத்தில் இவ்வளவு சுலபமாக ஒருவர் ஒப்புக்கொண்டு ரைட்டர் பார்த்ததில்லை. பேனாவை உருவினார்.

"எழுதாதீங்க ரைட்டர், அது பொய்," என்றாள் டாக்டர். "திருடன் இருக்கறதைத்தான் எடுத்துட்டுப் போவான். தொலைஞ்சுபோனதைக் கொண்டுவந்து வைப்பானா? அழிச்ச பாடம் திரும்பி வந்திருக்குன்னா, இங்க யாரும் எதையும் அழிக்கல. பத்து மாசத்துக்கு முந்தின டிஸ்க் அப்படியே எழுந்து வந்திருக்கு. பழைய டிஸ்க்கைப் புதுசு மேல காப்பி பண்ணினது செவ்வாய் காலையில பதினொரு மணி ரெண்டு நிமிஷத்துக்குன்னு இந்த மெஷினே குறிச்சு வச்சிருக்கு. அப்ப இவர் ஆஸ்பத்திரியில இருந்திருக்கார்."

அவள் அம்மாளிடம் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை பத்து ஐம்பத்தெட்டுக்கு மாப்பிள்ளைக்கு ஓர் அழைப்பு போயிருந்தது. ஒரு நிமிடம்கூட நீளவில்லை.

"வேண்டாம் மேடம்," என்றார் மாப்பிள்ளை. "விட்டுடுங்க."

டாக்டர் தயங்கினாள். அவளுக்கே சொல்லப் பிடிக்கவில்லை. சொல்லாவிட்டால் இந்த மனிதர் செய்யாத குற்றத்துக்குத் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவார். சொன்னால் இந்தத் தாய் எப்படித் தாங்குவாள்?

"எதுவா இருந்தாலும் சொல்லுங்க," என்றார் அம்மாள்.

"எழுதறதை ரெண்டு டிஸ்க்லயும் ஒரே மாதிரி எழுதற ஏற்பாடு இது. ரெய்டுன்னு பேரு." ரெய்டு என்றதும் ரைட்டர் நிமிர்ந்தார். "ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும். சிலர் இதை சாப்ட்வேர்லயே செய்வாங்க, இங்க தனியா ஒரு கார்டு. விலை குறைஞ்ச மக்குக் கார்டு. எது புதுசுன்னு பாக்காது, மேல் இழுப்பறையில இருக்கறதுதான் அசல்னு நம்பும். உங்க பொண்ணு படுக்கையில விழுந்த வாரம் ரெண்டாவது டிஸ்க் இந்த ஜோடியை விட்டு விலகி, எழுதறதை நிறுத்திடுச்சு. மணி அடிச்சது அதுக்குத்தான். அன்னையிலேருந்து உங்க பொண்ணு பேசினது ஒண்ணாவது டிஸ்க்ல மட்டும்தான் ஏறியிருக்கு. செவ்வாய்க்கிழமை துடைச்சு வைக்கும்போது ரெண்டும் இடம் மாறிடுச்சு. பழசு மேல போயிடுச்சு. மெஷினைப் போட்டதும், மேல இருக்கறதைக் கீழ காப்பி பண்ணட்டுமான்னு கேட்டிருக்கும்."

அம்மாள் மெல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இங்கிலீஷ்ல என்னமோ கேட்டுச்சு. எனக்குப் புரியல. போன் பண்ணினேன். சரின்னு அமுக்குங்க அத்தைன்னு..."

அம்மாள் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"வாசல்ல நாலு பேரு எக்ஸ்ரேக்கு நின்னுட்டிருந்தாங்க," என்றார் மாப்பிள்ளை. "என்ன கேக்குதுன்னு நான் விசாரிக்கவே இல்ல. வீட்டுக்கு வந்து நம்பர் மாறியிருக்கறதைப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு. அமுக்கினது நீங்கன்னு தெரிஞ்சா உயிரையே விட்டுடுவீங்க. என்னைத் திட்டிக்கிட்டாவது இருங்கன்னு நினைச்சேன்."

"திரும்ப எடுக்க முடியுமா?" என்று கேட்டவர் ரைட்டர்தான்.

"அது மேலயே முழுசா எழுதியாச்சு. முடியாது. நான் ஆசை காட்ட மாட்டேன்," என்றாள் டாக்டர்.

அம்மாள் அழுதார். உரக்கவே அழுதார், வெகுநேரம் அழுதார். யாரும் தடுக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாடத்துல அந்தப் பேச்சையெல்லாம் பார்த்துப் பார்த்து வெட்டினது நீங்கதானே?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்.

"ஆமா அத்தை."

"அப்போ எல்லாத்தையும் கேட்டிருப்பீங்க."

"ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு தடவை. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு கேட்டாத்தானே வெட்ட முடியும்."

"உக்காருங்க மாப்பிள்ளை. எங்கயும் போக வேண்டாம். முதல்லேருந்து சொல்லுங்க."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "முதல் நாள் பூகோளம். மூணாம் பக்கத்துல நிறுத்திட்டு, ஃபேனைக் குறைக்கச் சொல்லி உங்களைக் கூப்பிட்டா. தாள் பறக்குதாம். அடுப்படியில இருந்தீங்க, உங்களுக்குக் கேக்கல. நாலு தடவை கூப்பிட்டா அத்தை."

"நாலு தடவையா? நான் வரவே இல்லையா?"

"நாலாவதுக்கு வந்துட்டீங்க."

டாக்டர் தன் சாமான்களை ஓசைப்படாமல் பையில் எடுத்து வைத்தாள்.

"எப்படிக் கூப்பிட்டா?" என்றார் அம்மாள். "அந்த நாலையும் கூப்பிட்டுக் காட்டுங்க."