ஒன்றே கால் மணி நேரத் தூரம்

"என்ன சிரிப்பு?"

லீத்தியா வெடுக்கென்று கேட்டுவிட்டாள். கேட்காமல் என்ன செய்வாள்? வடதுருவத்தை ஒட்டிய ரெசலூட் ஊரில் சின்ன விமானம் ஏறியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், இப்போது அவள் பக்கம் திரும்பிப் பாதி உதட்டால் சிரிக்கிறான்! மறுபாதி அசையவே இல்லை. கேலி... சந்தேகமே இல்லை, கேலிதான்.

"ஐயோ, உங்களப் பாத்து சிரிக்கலீங்க... பின்னாடி பாருங்க."

சன்னல் பக்கம் திரும்பியவள் மூச்சு விட மறந்தாள்.

சூரியன்!

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து முகம் காட்டாத சூரியன். கீழே இருக்கும் ஊர்களுக்கு அது வர இன்னும் நாளாகும். இவ்வளவு உயரம் வந்தவர்களுக்கு மட்டும் அடிவானத்தில் ஒரு கீற்றாக எட்டிப் பார்த்தது. பனிமலை உச்சிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கீழே உறைந்த கடல்... அதற்கு முடிவே இல்லை. இத்தனை பெரிய உலகத்திலா நாம் இருக்கிறோம்? அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க ஊரு இக்லூலிக்ல முதல் சூரியனப் பாத்தா பாதி மூஞ்சியாலதான் சிரிப்போம்" என்றான் அவன். பெயர் உயராக். "வெயில் வருதேன்னு ஒரு பக்கம். குளிர் இன்னும் போகலையேன்னு மறுபக்கம்."

"நான் வேற கோவப்பட்டுட்டேன்..."

"பரவால்ல. நீங்களும் சிரிச்சுப் பாருங்க."

முயன்றாள். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"உங்களுக்குப் பாதி வராது போல!"

"எனக்குக் கஞ்சத்தனம் தெரியாதுங்க!"

அவன் ரெசலூட்டில் மின்நிலைய வேலையில் இருந்தான். அவளுடைய ஊரான அவுசுயித்துக்கில் ஒரு உதிரி பாகத்தைக் கொடுத்துவிட்டு இதே விமானத்தில் திரும்ப வேண்டும். அவளுக்கு ஏனோ சுருக்கென்றது.

"தூரமா என்ன? நானூறு கிலோமீட்டர்கூட இல்ல. ஒன்னேகால் மணி நேரம்" என்றான், அவள் மனதைப் படித்தவன் மாதிரி.

"அது விமானத்தோட கணக்கு. மூடுபனி எறங்கினா ஒரு வாரம். பக்கம்தானேன்னு எங்கக்கா வெளியூர்ல வாக்கப்பட்டா. அப்பா செத்தப்ப வந்து சேர முடியல. நான் ஊர விட்டுப் போகமாட்டேன்னு அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

இதையெல்லாம் இவனிடம் ஏன் சொல்கிறோம்? அவன் மடியிலிருந்த உதிரி பாகப் பெட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டான். இறங்கும் வரை நிமிரவே இல்லை.

ஊரில் இன்னும் சூரியன் இல்லை, நீல வெளிச்சம்தான். அம்மா பனிவண்டியோடு காத்திருந்தாள். உயராக் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, "வரேங்க" என்று மட்டும் சொல்லி நடந்தான். மறுபடி பார்க்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவான்? போகட்டும்! எனக்கென்ன?

"யாருடி அது? திரும்பித் திரும்பிப் பாக்குற?" என்றாள் அம்மா.

விமானம் உறும ஆரம்பித்தது. இப்போது விட்டால் அவ்வளவுதான். லீத்தியா ஓடினாள்.

"உயராக்! நான் ஊர விட்டு வரமாட்டேன்னுதான் சொன்னேன்... நீங்க வரக்கூடாதுன்னா சொன்னேன்?"

படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றான்.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு! இங்கயே வந்து இருப்பீங்களா?"

அவன் ஏதோ சொன்னான். இரைச்சல் விழுங்கிவிட்டது. அவள் காதைத் தொட்டுக் கையை விரித்தாள்.

அவன் இரண்டு புருவங்களையும் உயர்த்தினான். அந்த வடக்கில் 'ஆமாம்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள். உயராக் அதை மூன்று முறை சொன்னான்.