மூங்கிலுக்கு மேலே ஒரு முகம்

மொட்டை மாடியை வெயில் வறுத்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், மூங்கில் வேலிக்கு மேலே ஓரகத்தியின் முகம் தெரிந்தது.

டெய்லரம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளைக் கையில் துப்பிக்கொண்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

அளவுக்காகக் கையைத் தூக்கி நின்றிருந்த நர்ஸ் திரும்பினாள். "என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. பூனை."

பூனையாக இருந்திருந்தால் தேவலை. இது கணவனின் அண்ணன் பொண்டாட்டி. வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டபோது மாடியும் இரண்டானது; நடுவில் இடுப்பளவுச் சுவர். இந்தப் பக்கத்து மாடியறையில் தையல் கடை போட்ட நாளிலிருந்து, துணி மாற்றும் பெண்களை அந்தப் பக்கம் நின்று கண்கொட்டாமல் பார்ப்பதும், பார்த்ததைத் தெருமுனை வரை போய் ஒலிபரப்புவதும்தான் ஓரகத்திக்குப் பிழைப்பு. யாருக்கு முதுகில் தேமல், யாருக்கு வயிற்றில் தழும்பு, எல்லாம் ஊருக்கே தெரிந்தது. பாதி வாடிக்கை கழன்றுவிட்டது. மிச்சமிருப்பது ஆஸ்பத்திரி ஹாஸ்டல் பெண்கள். இந்த நர்ஸ் முகம் சுளித்தால் அவர்களும் போச்சு. மெஷினுக்கு உறை போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான்.

அதற்காகத்தான் மூங்கில் வளர்த்தாள். நீல டிரம்களைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, செங்கல் மேல் ஏற்றி, எருவும் மண்ணும் நிரப்பிச் சுவரோரம் நெருக்கி வைத்தாள். விரல் பருமன் ரகம். "மரம் மாதிரி போகப் போகப் பெருக்காதும்மா," என்றான் நர்சரிக்காரன். "மண்ணை விட்டு வர்றப்ப என்ன பருமனோ, கடைசி வரைக்கும் அதேதான். உசரம் மட்டும் தண்ணி ஊத்த ஊத்த ஏறும்." ஊற்றினாள். ஏறியது. இரண்டு ஆள் உயரத்துக்கு, கை நுழைய இடமில்லாத பச்சைச் சுவர்.

அதற்கும் மேலே எட்டிப் பார்க்கிறாள் என்றால், ஏணி போட்டிருக்கிறாள் சனியன்.

"கதவைச் சாத்திக்கிட்டு, தைச்சு வெச்ச கவுனைப் போட்டுப் பாருங்க, தோ வந்துடறேன். இங்க யாரும் பாக்க மாட்டாங்க."

வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏன்க்கா, ஏணி ஏறி வேவு பாக்கற அளவுக்கு வந்துட்டியா? வெக்கமா இல்ல?"

ஒன்று கேட்டால் ஒன்பது திருப்பித் தருகிற வாய், மூடியிருந்தது.

குழாயை முழுக்கத் திறந்து, ஹோஸை அந்த முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "நல்லா குளி!" தண்ணீர் நெற்றியில் அடித்து, மூக்கில் வழிந்து, இலை இலையாகச் சொட்டியது. ஓரகத்தி திட்டவில்லை. முகத்தைத் துடைக்கவில்லை. திறந்த கண்களின் மேலேயே துளிகள் நின்றன.

இமை அசையவில்லை.

புதுச் செருப்பு தேய்வதுபோல் ஒரு சத்தம். கிரீச். முகம் கொஞ்சம் மேலே போயிற்று.

ஹோஸைக் கீழே போட்டுவிட்டு, படியிறங்கிப் பக்கத்து வாசலுக்கு ஓடினாள். கணவனின் அண்ணன் டிவியில் மேட்ச் அலற விட்டுச் சாய்ந்திருந்தார்.

"அத்தான், உங்க வீட்டம்மாவ ஏணியை விட்டு இறங்கச் சொல்லுங்க."

"எந்த ஏணி? அது பெயிண்டர்கிட்ட இருக்கு." அவர் திரும்பவே இல்லை. "அவளும் இங்க இல்ல."

"இல்லன்னா?"

"உன் மூங்கிலை வேரோட பிடுங்கிப் போட்டாத்தான் தூக்கம் வரும்னு முந்தாநாள் மாடிக்குப் போனா. அப்புறம் காணோம். கோவிச்சுக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பா. இப்பத்தான் காதுக்குக் கொஞ்சம் நிம்மதி. அதையும் நீ வந்து கெடுக்காத."

அவர்கள் படி வழியாகவே மேலே ஏறினாள். மாடி காலியாகக் கிடந்தது. ஏணி இல்லை, ஸ்டூல் இல்லை, ஒரு செங்கல்கூட இல்லை. ஈர மண் வாசனை; அதற்கு அடியில், வெயிலில் சூடேறிய தலையெண்ணெய் வாசனை. காற்று துளியும் இல்லை. இலைகள் மட்டும் சலசலத்தன.

விரல் பருமன் கழிகளுக்கு நடுவே ஒன்று வேறாக நின்றது.

கழுத்துப் பருமன்.

கணுவுக்குக் கணு பழுப்பு உறை, அதில் சுணை. அந்தக் கழியை ஒட்டி, மேலிருந்து கீழாக, ஒரு பின்னல் தொங்கியது. அதன் நுனியில் ரப்பர் பேண்ட். டெய்லரம்மா மெல்ல அண்ணாந்தாள்.

பின்னந்தலை.

அது இவளைப் பார்க்கவில்லை. தையல் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிரீச்.

நனைந்த மூங்கில் வளையும். வளைந்தது. ஜன்னல் பக்கமாக, நிதானமாக, ஒவ்வொரு கணுவாக.

"நர்ஸம்மா! வெளிய வாங்க!"

அத்தனை டிரம்மும் சேர்ந்து சலசலத்தது. கீழே டிவியில் யாரோ அவுட். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. சுவரேறி மூங்கிலுக்குள் கையைத் திணித்தாள். நுழையவில்லை. தோளால் முட்டினாள். அசையவில்லை. அவள் ஊற்றி வளர்த்த சுவர். சுணை ஏறி விரலெல்லாம் எரிய, ஒரு கண் வைக்கிற அளவுக்குத்தான் இலை விலகியது.

கண்ணை வைத்தாள்.

திரையை ஒதுக்கிக்கொண்டு அந்தத் தலை ஜன்னலுக்குள் போயிருந்தது. ஜன்னலுக்கு முதுகு காட்டி, கூந்தலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக் குனிந்து நின்றாள் நர்ஸ்.

"வந்துட்டீங்களாக்கா? ஜிப் பாதியில மாட்டிக்கிச்சு. கொஞ்சம் ஏத்தி விடுங்களேன்."

தலைக்குக் கீழிருந்த பழுப்பு உறை பிரிந்தது. உள்ளிருந்து, ஈரமாக, வெளிறிய பச்சையில், விரல்கள் விரிந்தன. ஜிப்பைப் பிடித்தன.

"ஐயோ, கை என்னக்கா இவ்ளோ சில்லுனு இருக்கு!" நர்ஸ் சிரித்தாள்.

ஜிப் கழுத்து வரை ஏறியது.

விரல்கள் அதோடு நிற்கவில்லை.