ஒரு கை குறையுது

சீட்டைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்த வக்கீலின் இரண்டு கைகளுக்கும் ஒரே வயது இல்லை.

சிஸ்டருக்கு ஆளைப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் புறங்கைதான் கண்ணில் படும். காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டவள். எந்த நரம்பு வழுக்கும், எது முதல் குத்திலேயே அகப்படும் என்று அளவெடுக்கும் புத்தி, வேலையை விட்ட பிறகும் அவளை விட்டுப் போகவில்லை. வக்கீலின் இடது கை அவர் முகத்துக்குப் பொருத்தமாக இருந்தது: சுருக்கம், கருந்திட்டு, மஞ்சள் பூத்த நகம். வலது கையோ திடகாத்திரமானது. அதில் பச்சை குத்திய நங்கூரம் ஒன்று மங்கித் தெரிந்தது. கோர்ட்டுப் படி ஏறி இறங்கிய மனுஷனுக்கு நங்கூரம் எதற்கு என்று நினைத்தாள். ஏதோ சின்ன வயசு விளையாட்டாக இருக்கும் என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

அந்த மேசையில் இடம் கிடைத்ததே பெரிய பாடு. ஓய்வு பெற்றவர்களுக்கென்று நகரத்தின் நடுவே கட்டிய அந்தக் குடியிருப்பில் யோகாவுக்கு ஒரு கூட்டம், பாட்டுக்கு ஒரு கூட்டம், தொட்டிச் செடிக்கு ஒரு கூட்டம் என்று எல்லாரும் முன்பே கூட்டு சேர்ந்திருந்தார்கள். புதிதாக வந்தவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். உட்கார நாற்காலியை மட்டும் நகர்த்த மாட்டார்கள். மகளோ வீட்டை விற்று, அம்மாவை இங்கே கொண்டுவந்து விட்டு, "போகப் போகப் பழகிடும்மா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாள். சிஸ்டர் சுவரோடு பேசாத குறைதான். அப்படிப்பட்ட நேரத்தில்தான், அன்று மதியம், பொழுதுபோக்கு அறை வாசலில் வக்கீல் அவளை மறித்தார்.

"மூணு பேர் உக்காந்து ரம்மி ஆடினா உப்புச் சப்பே இல்ல சிஸ்டர். ஒரு கை குறையுது."

சீட்டாடுகிற எவரும் சொல்வதுதான்.

"அதுக்கென்ன சார், நான் கை குடுக்கறேன்."

வக்கீல் காதருகே உள்ளங்கையைக் குவித்தார். "காது மந்தம். இன்னொரு தடவ சொல்லுங்க."

"நான் கை குடுக்கறேன்!"

உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் தலை நிமிர்ந்தார்கள். ஒருவர் பேங்கில் மேனேஜராக இருந்தவர். இன்னொருத்தி, ஆட்டத்துக்கு ஆட்டம் ஜோக்கர் வந்து விழுவதால் ஜோக்கர் அக்கா என்று பேர் எடுத்தவள். "ரெண்டு தடவ சொன்னாங்க, கேட்டுக்கங்க" என்று வக்கீல் அவர்களிடம் சொன்னார். வக்கீல் புத்தி போகுமா என்று சிஸ்டர்தான் சிரித்தாள். மற்ற யாரும் சிரிக்கவில்லை.

ஜோக்கர் அக்காவால் சீட்டைப் பிடிக்க முடியாது. சில வாரங்களாக அவள் வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. சீட்டுகளைச் செருகி வைக்க அவள் முன்னால் ஒரு மரத் தாங்கி இருந்தது. ஆட்டத்துக்கு நடுவில் அவள் அந்த நடுங்கும் கையை நீட்டி சிஸ்டரின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆட்காட்டி விரலில், மருந்துக் குப்பியின் கழுத்தை ஒடிக்கும்போது கண்ணாடி கிழித்த பழைய தழும்பைத் தடவினாள்.

"நல்ல கை" என்றாள்.

"எங்கேக்கா, ஒண்ணும் சேரல. வெறும் படமா வந்திருக்கு."

"நான் சீட்டச் சொல்லல."

அறையில் தரை கழுவும் மருந்தின் நெடியும் வலித் தைலத்தின் காட்டமும் கலந்து நின்றன. பேச்சை மாற்றுவதற்காக சிஸ்டர், தன் நாற்காலியில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டாள்.

"கேப்டன். கப்பல்ல இருந்தவர். மேல போயிட்டார்" என்றார் மேனேஜர்.

"ஐயோ, எப்போ?"

"சாகலைங்க. மேல் மாடிக்கு."

கப்பல் என்றதும் சிஸ்டரின் பார்வை வக்கீலின் நங்கூரத்துக்குப் போனது. அவர் அந்தக் கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

மேல் மாடி என்றால் என்னவென்று வந்த அன்றே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். மாதம் பிறந்தால் மேட்ரன் அறை அறையாக வருவாள். ஜக்கிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வாள். சிந்தாமல் ஊற்றினால் கீழே, உன் அறை, உன் சாவி. சிந்தினால் மேலே. அங்கே ஊட்டிவிடுவார்கள், துடைத்துவிடுவார்கள், கட்டிலுக்குக் கம்பி போட்டிருப்பார்கள். மேலே போனவர் எவரும் லிஃப்டில் இறங்கி வந்ததில்லை. சிஸ்டருக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்தச் சாவி ஒன்றுதான். அதை யாரிடமும் கொடுத்துவிடக் கூடாது என்பதே அவளுடைய ஒரே பிடிவாதம்.

நாளைக்கு மாதம் பிறக்கிறது.

அன்று சாயங்காலம் அவள் தன் அறையில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வண்டிகளின் இரைச்சல், உள்ளே குளிர்பெட்டியின் முனகல், சுவருக்கு அந்தப் பக்கம் ஜோக்கர் அக்காவின் அறையில் ஓடும் டிவியின் முணுமுணுப்பு என்று எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. துணியில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்த பிறகுதான் ஊசி வலது கை விரலில் ஏறியிருப்பது தெரிந்தது. வலி இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் "ஆ!" என்றது ஒரு குரல்.

சிஸ்டர் ஊசியை இடது கைக்கு மாற்றினாள். வலது கை விரல் நுனியில் லேசாகக் குத்தினாள். ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கம் "ஸ்ஸ்" என்று மூச்சை இழுக்கும் சத்தம். டிவி நின்றது.

தற்செயல். தற்செயலாகத்தான் இருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஊசியை உள்ளங்கையில் ஆழமாக இறக்கினாள்.

"யம்மா!" பிறகு ஒரு சிரிப்பு. பிறகு சுவரோடு வாயை ஒட்டிவைத்துப் பேசுவதுபோல, மிக அருகில்: "மெதுவா சிஸ்டர். இனிமே அது எனக்கு வேணும்."

ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். இடது கையால் மகளுக்கு போன் போட்டாள்.

"கை மரத்துப்போச்சுடி."

"வயசானா அப்படித்தாம்மா இருக்கும். நான் மேட்ரன்கிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம்! அவகிட்ட மட்டும் சொல்லிடாதே!"

"அப்ப எதுக்கும்மா எனக்கு போன் பண்ணி பயமுறுத்தறே?" மகள் வைத்துவிட்டாள்.

இருட்டியபோது கை அவள் சொல்லைக் கேட்பதை நிறுத்தியது. விரல்களை மடக்கச் சொன்னாள், அவை மடங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சீட்டைக் கலைக்கும் சரசரப்பு கேட்டது. கூடவே அவள் விரல்களும் போர்வையின் மேல் அசைந்தன. கலைப்பதுபோல. பகிர்ந்து போடுவதுபோல.

கையைப் போர்வைக்குள் திணித்து அதன் மேலேயே படுத்தாள்.

விடிந்தது. பார்த்தாள்.

தழும்பைக் காணோம். மணிக்கட்டுக்குக் கீழே வேறு கை. எலும்பு துருத்திய கை. விரலில் மோதிரம் போட்டுப் போட்டுப் பள்ளமான தடம். அவள் மோதிரமே போட்டதில்லை. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கதவு தட்டப்பட்டது. "மேட்ரன்."

ஜக்கு. டம்ளர். இரண்டு கையாலும் பிடித்தாள். கிணுகிணுவென்று விளிம்பு அடித்துக்கொண்டது. தண்ணீர் மேசையில், மடியில், தரையில்.

"இது என் கை இல்ல மேட்ரன்! பக்கத்து ரூம்ல போய்ப் பாருங்க, என் கை அங்க இருக்கு!"

மேட்ரன் துண்டை எடுத்து அவள் மடியை ஒற்றினாள். "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்று சொல்லி, சாவிக்காகக் கையை நீட்டினாள்.

மேல் மாடியில் ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன. வரிசையாகக் கட்டில்கள், கம்பிகள், மூத்திர வாடை. போர்வைகளின் மேல் கைகள் கிடந்தன. எந்தக் கையும் அதன் ஆளோடு பொருந்தவில்லை. பக்கத்துக் கட்டிலில் அகன்ற தோள்களும் வெயிலில் காய்ந்த முகமுமாக ஒரு கிழவர். அவருடைய தடித்த மணிக்கட்டுகளின் முனையில், பேனா பிடித்துக் காய்த்த மெலிந்த கை ஒன்று. நோட்டு எண்ணித் தேய்ந்த விரல்களோடு கொழுத்த கை இன்னொன்று.

"கேப்டனா?" என்றாள்.

அவர் அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன தடவ சொல்ல வெச்சான்?"

"என்னது?"

"கை குடுக்கறேன்னு. எத்தன தடவ?"

"காது மந்தம்னு சொன்னாரு. ரெண்டு தடவ."

கேப்டன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் ஜோக்கர் அக்கா பார்க்க வந்தாள். பவுடர் வாசனை. தலை வாரி, புதுச் சேலை கட்டியிருந்தாள். கட்டிலின் கம்பியை இறக்கிவிட்டு, சிஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்து கஞ்சியை எடுத்து ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஊட்டினாள். கரண்டியைப் பிடித்திருந்த ஆட்காட்டி விரலில் கண்ணாடி கிழித்த தழும்பு. அந்தக் கையே அவள் வாயையும் துடைத்துவிட்டது. இதமாக. தொழில் தெரிந்த கை.

"சீட்டுத் தாங்கியத் தூக்கிப் போட்டாச்சு" என்றாள் அக்கா. "ஆனா இன்னிக்கும் ஆட்டம் நடக்கல சிஸ்டர். மேனேஜருக்கு வலது கை இழுத்துக்கிச்சு."

"எங்கிட்ட இருக்கறது இடது. அவருக்கு எதுக்கு?"

"கிடைக்கறத வெச்சுத்தான் ஆடணும்."

"வேண்டாம். நான் குடுக்கல. குடுக்கவே மாட்டேன்!"

"அதான் அன்னிக்கே குடுத்துட்டீங்களே."

அக்கா சிரித்துக்கொண்டே வேறெங்கோ பார்த்தாள். கைக்கு அவள் கண் தேவைப்படவில்லை. அது தானாகவே போர்வையின் மேல் ஊர்ந்து வந்து சிஸ்டரின் இடது கையைத் திருப்பிப் போட்டது. புறங்கையை நீவியது. பிறகு இரண்டு விரலைச் சேர்த்து, நோயாளிகளுக்கு சிஸ்டர் காலமெல்லாம் செய்ததுபோலவே, நரம்பு எழும்பும்வரை தட்டத் தொடங்கியது.

டப். டப். டப்.

சத்தம் நன்றாகக் கேட்டது. விரல்கள் பட்டுப் பட்டு எழுவது கண்ணுக்குத் தெரிந்தது. தட்டுவது மட்டும் அவளுக்கு உறைக்கவே இல்லை.