இருபத்தொன்றாவது பெட்டி

இருபது கம்ப்யூட்டர்கள் இருந்த அறையில், மேசை மேலிருந்த தரணிதரனின் மடிக்கணினி இருபத்தொன்றாவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது.

பிற்பகல் மூன்று மணி. பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் திரும்பும் கடைசி வளைவுக்கும் மேலே இருந்த தோட்டப் பள்ளிக்கூடம் அது. விடுமுறையின் கடைசி நாள். பிள்ளைகள் இல்லை, அவர்கள் விட்டுப்போன ஈரச் சப்பாத்து வாடை மட்டும் இருந்தது. சன்னலுக்கு வெளியே தேயிலையைக் காணோம். அந்தப் பக்கத்து மூடுபனியை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும்: அதில் ஆடுகள் சாய்ந்துகொண்டு தூங்கும். மாடும் சாயும் என்கிறார்கள், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

மறுநாள் காலை பிள்ளைகளுக்குச் செய்முறைப் பரீட்சை. அதற்குள் இருபது பெட்டிகளுக்கும் புதிதாகச் சிஸ்டம் போட்டாக வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டால் இரண்டு நாள் பிடிக்கும். தரணிதரன் பதினெட்டு வருடமாக இந்த மலைகளில் இதே வேலையைச் செய்கிறவன். அவனுக்கு வேறு வழி இருந்தது. எல்லாப் பெட்டிகளையும் வயரால் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் கோத்துவிடுவான். எழுப்பியதும் அவை தங்கள் டிஸ்கைப் பார்க்காமல் வயரைப் பார்த்து, எனக்கு ஏதும் உண்டா என்று கேட்கும். மடிக்கணினி ஆளுக்கொரு எண் கொடுத்து வரிசையில் நிறுத்தும். எத்தனை பேர் என்று அதற்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அத்தனை பேரும் சேர்ந்த பிறகுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பத் தொடங்கும். தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டு மாதிரிதான். ஆள் சேர்ந்தால்தான் வேலை பிரிப்பு.

அந்தத் தொகையில்தான் பிழை. தரணிதரன் அதிகாலையில் எழுந்து, இரண்டு பஸ் மாறி, இருபத்து நாலு கிலோ வயரைத் தோளில் சுமந்து ஏறி வந்தவன். எண்ணிப் பார்க்க அலுப்புப்பட்டுக்கொண்டு, காவலாளி வீரய்யாவிடம் எத்தனை பெட்டி என்று கேட்டிருந்தான். அவர் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். விரலை நீட்டி எண்ணிவிட்டு "இருபத்தொண்ணு" என்றார். இவனும் அதையே கொடுத்துவிட்டான்.

"இருபதுதானே இருக்கு அண்ணே?"

"இருபதுதான்."

"பெறகு எதுக்கு இருபத்தொண்ணுன்னீங்க?"

"நாப்பது வருசம் பெரட்டுல ஆள் எண்ணுனவன் தம்பி. எங்க டிவிசன்ல எண்ணி முடிச்சா ஒண்ணு கூட்டித்தான் சொல்லுவோம்."

"அந்த ஒண்ணு யாரு?"

"வராதது."

"வராததுக்கு எதுக்குங்க ஒரு எடம்?"

"எடம் இருந்தா அது பேசாம இருக்கும். கூட்டுவோம், ஆனா கூப்புட மாட்டோம்." வீரய்யா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "டவுன்காரவுங்களுக்கு இதெல்லாம் சொன்னாச் சிரிப்பாங்க. நீங்க சிரிக்கல. களைச்சுப் போயிட்டீங்கபோல. நான் லயத்து வீட்டுக்குப் போயிட்டு ஆறு மணிக்குப் பூட்ட வாரேன்."

அவர் கதவைத் தாண்டியதும் பனி அவரைக் குடித்துவிட்டது. செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் தனியாக இறங்கிப் போனது.

ஹட்டனிலிருந்து அவன் மனைவி சுதர்ஷினி போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, பையெல்லாம் கட்டிட்டேன். கண்டிக்கு வேன் விடிய நாலு மணிக்கு வருமாம்."

"அஞ்சே முக்கால் பஸ்ஸப் புடிச்சிருவேன்."

"போன தடவையும் அப்புடித்தான் சொன்னீங்க. கடைசில கோழி லொறியில வந்து எறங்குனீங்க. ஒரு கிழமைக்கு உங்க தலையில எறகு பொறுக்குனேன்."

"அதான் கடைசி பஸ்ஸு. அத விடுவனா?"

"நீங்க வந்து கையெழுத்து வச்சாத்தான் என்னைய ஆபரேஷன் தியேட்டருக்குள்ள எடுப்பாங்களாம். நர்ஸம்மா ரெண்டு தடவ சொல்லிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள்.

"வந்துருவேன்."

தொகையைத் திருத்துவதென்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இருபது பெட்டிகளிடமும் குனிந்து குனிந்து மறுபடி எழுப்ப வேண்டும். இரண்டு மணி நேரம் போகும். பஸ்ஸும் போகும். தரணிதரன் இருபது கறுப்புத் திரைகளையும் பார்த்தான். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கோடு மின்னி மின்னி நின்றது. முதுகு வலித்தது. குனிவதற்கு முன், யாருமில்லாத அறையில், அலுப்பில் வாய்விட்டுச் சொன்னான்:

"யாராவது ஒருத்தர் வந்து சேருங்கப்பா. நான் வீட்டுக்குப் போகணும்."

மடிக்கணினியில் எண் மாறியது. இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று. அனுப்பத் தொடங்கிவிட்டது.

பயப்பட அவனுக்கு நேரம் பிடித்தது. பதினெட்டு வருடத்தில் எவ்வளவோ பார்த்திருந்தான். ராகலையில் ஒரு தபாற்கந்தோர்க் கம்ப்யூட்டருக்குள் சாரைப்பாம்பு முட்டையிட்டு, குஞ்சு பொரிக்கும்வரை அதை அணைக்க வேண்டாம் என்று அங்கிருந்தவர்கள் கெஞ்ச, பதினோரு நாள் ஓடவிட்டிருக்கிறான். ஆகவே இதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று எண்ணி, சுவரோரம் கிடந்த சுவிட்சிடம் போனான். இருபத்து நாலு துவாரம். இருபதில் பெட்டிகளின் வயர், ஒன்றில் அவனுடையது. மூன்று காலி. அந்த மூன்றில் நடுவிலிருந்த துவாரத்துக்கு மேலே, வயரே இல்லாமல், பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

மற்ற விளக்குகள் தந்தியடிப்பதுபோலத் துடித்தன. இது மட்டும் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. படுத்திருப்பவர் நெஞ்சு மாதிரி. அருகே விரலை வைத்தான். துவாரத்திலிருந்து குளிர்காற்று கசிந்தது. மழைக்குப் பிறகு சரிந்த மண்மேட்டின் வாடை அதில் இருந்தது.

விரலை எடுத்துக்கொண்டான். கூட்டமாக அனுப்பும்போது எல்லோரும் கடைசி ஆளின் வேகத்தில்தான் போக வேண்டும். அதுதான் இந்த முறையின் ஒரே குறை. இருபது நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை நூறு நிமிடமாகியும் ஊர்ந்தது. இருபது விசிறிகளும் ஒரே சுருதியில் இரைந்தன. அந்த இரைச்சலுக்கு அடியில் இன்னொரு இரைச்சல் இருப்பதாகத் தோன்றியது. காதைக் கூர்மையாக்கினால் அது நின்றது. வேறு எதையாவது நினைத்தால் மறுபடி வந்தது. எழுந்து போய்விடலாம் என்று இரண்டு முறை நினைத்தான். பாதியில் விட்டால் இருபது பெட்டியும் வெறும் தகரம். காலையில் பிள்ளைகள் வந்து எதன் முன்னால் உட்காருவார்கள்?

ஐந்து மணி பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இருபது திரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாகி அவனை வரவேற்றன. அவ்வளவுதான். அப்பாடா என்று மூச்சு விட்டு, பையை எடுத்தான்.

மடிக்கணினியில் புதிய வரி ஒன்று எழுந்தது. அவன் எதையும் தட்டவில்லை.

அனுப்புவது: இருபத்தொன்றாவது. பெறுவது: ஒருவர். ஒன்றுக்கு ஒன்று சேர்ந்தாயிற்று. முதல் படி, பழையதை அழித்தல். இரண்டு சதவீதம்.

இருபது திரைகளையும் திரும்பிப் பார்த்தான். எல்லாம் நீலம். எதுவும் எதையும் வாங்கிக்கொண்டிருக்கவில்லை.

நாலு.

சுவிட்சின் மின்வயரைப் பிடுங்கினான். விளக்குகள் அணைந்தன. நடுவிலிருந்த ஒன்று மட்டும் ஏறி இறங்கியது. மடிக்கணினியைப் படாரென்று மூடினான். மூடிய பிறகும் எண் தெரிந்தது. ஒன்பது. கண்ணை மூடினான். அப்போதும் தெரிந்தது. பத்து.

பஸ்ஸுக்குப் போக வேண்டும். போகலாம். எந்தப் பாதை? காலையில் ஏறி வந்த படிகளை நினைத்தான். படிகள் இருந்தன, அவற்றின் மறுமுனை இல்லை. பஸ் எத்தனை மணிக்கு? ஏதோ ஒரு மணிக்கு. பதினெட்டு. வேறெதையோ பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தன் வீட்டுக் கதவை நினைத்தான். கதவு வந்தது. நிறம் வரவில்லை. திறந்தால் உள்ளே பனி.

இருபத்தேழு.

கதவுவரை நடந்தான். எதற்கு நடந்தோம் என்று நின்றான். திரும்பி வந்தான். வரிசையின் கடைசிப் பெட்டிக்கு அடுத்து, வெறும் தரையில், முதுகை நேராக வைத்து உட்கார்ந்தான். அந்த இடம் சௌகரியமாக இருந்தது. முதுகு வலி போயிருந்தது.

நாற்பத்தொன்று.

தொலைபேசி அடித்தது. திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தான். சு. த. ர்.

"என்னங்க, பஸ் ஏறிட்டீங்களா?"

நல்ல குரல். களைத்த குரல்.

"யாருங்க பேசுறது?"

மறுமுனை சிரித்தது. "ஆமா, இப்பதான் வெளையாட்டு. ஏறிட்டீங்களா இல்லியா?"

"மன்னிக்கணும். இங்க இன்னும் முடியல்ல."

"என்னங்க?"

கேட்கப்பட்டது தன்னைத்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. கீழே, பனிக்குள், ஒரு பஸ் இரண்டு முறை ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு, கியர் மாற்றி, வளைவில் இறங்கிப் போனது. ஐம்பத்தெட்டு. அந்தப் பெண் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி மறுபடி அதே பெயர். நீளமான பெயர், யாருடையதோ.

அறுபத்து மூன்று.

அவள் அழத் தொடங்கியிருந்தாள். யாருக்கோ விடிந்தால் ஆபரேஷனாம். யாரோ வந்து கையெழுத்து வைக்க வேண்டுமாம். கைகளை முழங்காலில் வைத்தபடி, அசையாமல், கடைசிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பாவம் என்று நினைத்தான்.

எழுபத்தொன்றில் அதுவும் போய்விட்டது.