காலிப் பை

வார்விக் கண் விழித்தபோது, கட்டிலில் அவன் படுத்திருந்த பக்கத்திலிருந்தே அந்தச் சத்தம் வந்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுப்பது போல, ட்ச், ட்ச் என்று. கங்காருக் குட்டி தாயைக் கூப்பிடுகிற சத்தம். ஆறு வருஷமாகக் கேட்டுப் புளித்ததுதான், ஆனால் அது சமையலறையிலிருந்து அல்லவா வர வேண்டும்? அங்கேதான் விறகு அடுப்பைச் சுற்றி, நாற்காலி முதுகுகளில், பழைய கம்பளியில் தைத்த பைகளுக்குள், தாயை இழந்த ஐந்து குட்டிகள் தொங்கிக்கொண்டிருந்தன. இடையில் இரண்டு கதவுகளும் ஒரு நீண்ட நடையும் இருந்தன.

மதியம் இரண்டு மணி. இரவெல்லாம் கறித் தொழிற்சாலையில் தரை கழுவுகிறவனுக்கு அதுதான் நடுச்சாமம். திரைச்சீலை இடுக்கில் ஜூலை மாதத்துக் குளிர்கால வெயில் ஒரு கோடாக விழுந்திருந்தது. பால்மாவு வாசனையும், ஈரக் கம்பளி வாசனையும், யூகலிப்டஸ் விறகுப் புகையும், எல்லாவற்றுக்கும் அடியில் எத்தனை சோப்பு போட்டாலும் போகாத அவனுடைய ரத்தக் கவிச்சியும் அறைக்குள் தேங்கிக் கிடந்தன. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான். செருப்பும் தூசியும்தான் இருந்தன.

அந்தக் கவிச்சிக்குக் குட்டிகள் நடுங்குகின்றனவாம். அதனால் அவன் மனைவி மார்னி, புல்லில் பனி உறைகிற காலையிலும் அவனைப் பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரச் சொல்வாள். குளித்தாலும் சமையலறைக்குள் அனுமதி கிடையாது. விடுமுறை இரவுகளில் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறான்: அவள் ஒவ்வொரு குட்டியையும் மடியில் போட்டுப் பால் கொடுப்பாள், அதன் காதுக்குள் ஏதோ முணுமுணுப்பாள். அப்போது அவள் முகத்தில் ஒரு கனிவு வரும். அவர்களுடைய கல்யாணப் படத்தில்கூட அது கிடையாது. பொறாமைதான், வேறு பெயர் வைத்துப் பூசி மெழுகுவானேன்? ஆறடி மனுஷன் ஒருவன், தாயில்லாக் குட்டிகளைப் பார்த்து வெந்து செத்துக்கொண்டிருந்தான்.

அந்த ஊருக்குக் கங்காரு என்றால் கோதுமையைத் தின்னும் தொல்லை, அவ்வளவுதான். குடித்துவிட்டு வேண்டுமென்றே வண்டியை ஒடித்து அவற்றை அடித்துப் போடுகிற இளவட்டங்கள் உண்டு. யார் அதிகம் அடித்தார்கள் என்று பந்தயமும் உண்டு. மார்னியைக் கடைத்தெருவில் கண்டால் இரண்டு கையையும் மார்புக்கு நேரே மடக்கிக் குதித்துக் காட்டுவார்கள். அவள் அதற்கும் சிரிப்பாள். "குதிச்சா குதிக்கட்டும், கால் வலிச்சா நிறுத்திருவாங்க" என்பாள். வார்விக்கோ தொழிற்சாலையில் எவன் சிரித்தாலும் தன்னைத்தான் சிரிக்கிறான் என்று கூனிக் குறுகுகிறவன். எவருக்கும் பயப்படாத அவளுடைய அந்த விடுதலையும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ட்ச்.

சமையலறைக்குப் போய்ப் பார்த்தான். ஐந்து குட்டிகளும் அசந்து தூங்கின. நடைக்குத் திரும்பினான், சத்தமும் கூடவே வந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அங்கேயும் கேட்டது, தூரம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அது எதன் குரல் என்று அவனுக்குத் தெரியும். காலையில், வேலை முடிந்து வரும்போது, மதகுக்குப் பக்கத்தில் சாலையோரம் ஒரு பெண் கங்காரு அடிபட்டுச் செத்துக் கிடந்தது. உடம்பிலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் நின்றான். வயிறு அசைந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று மார்னி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். பைக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும், குட்டி இருந்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு, பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாகச் செத்ததன் மேல் ஆரஞ்சுச் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும், அடுத்து வருகிறவர் வீணாக நிற்காமல் போக. சாயக் குப்பி வண்டியிலேயே கிடக்கும். அவர்களுக்கு இருந்தது ஒரே வண்டி. ஒரு மணி நேரத்தில் மார்னி அதை எடுத்துக்கொண்டு, அதே சாலையில், பால்மாவு வாங்கப் போவாள். பார்த்தால் நிற்பாள். ஆறாவதும் வீட்டுக்கு வரும்.

வார்விக் பைக்குள் கை விடவில்லை. குப்பியைக் குலுக்கி, அசைகிற வயிற்றின் மேலேயே குறியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டான்.

இப்போது போனைக் கையில் எடுத்தான். மதகுப் பக்கம் ஒன்று உயிரோடு இருக்கிறது என்று ஒரு வரி சொன்னால் போதும். ஐந்து மணிக்கு வெயில் இறங்கிவிடும், பிறகு பனி கொட்டும். தாயின் சூடு இல்லாத குட்டி அதைத் தாங்காது. அவள் ஓடிப் போய் எடுப்பாள். எடுத்து, சட்டைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு வருவாள். அந்தக் காட்சி மனதில் வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டான்.

நாலு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. மார்னி உள்ளே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன, முகமோ மலர்ந்திருந்தது. அவன் சமையலறை வாசலில் நிற்பதைக்கூட அவள் கண்டிக்கவில்லை.

"மதகுக்கிட்ட ஒண்ணு கிடக்குது வார்விக். குறி போட்டிருக்கு. நான் போட்டது இல்ல."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த ஊர்ல இன்னொரு ஆளுக்கும் நெஞ்சுல ஈரம் இருக்கு. வண்டிய ஓரமா நிறுத்திட்டு அழுதுட்டேன்."

பேசிக்கொண்டே போனாள். ஒருவர் இருந்தால் நாளைக்கு இருவர் ஆவார்களாம், இந்த ஊரும் ஒருநாள் திருந்துமாம். அந்த ஆளைக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டுமாம். நல்ல கையாக இருக்கும், பொறுமையான கை என்றாள். ஆறு வருஷத்தில் அவளிடம் இப்படி ஒரு நம்பிக்கையை அவன் கண்டதில்லை. உலகத்திலேயே இல்லாத அந்த ஆள்மேல் வார்விக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தான் போட்ட குறிக்காகத் தன்மேலேயே பொறாமைப்படுகிற கூத்து எங்காவது உண்டா?

"ஒரு நிமிஷம் நீயோன்னுகூட நெனச்சேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துருச்சு."

ஜன்னலுக்கு வெளியே வெயில் இன்னும் மிச்சமிருந்தது. மதகுக்கு இருபது நிமிஷம்தான். உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது.

"நான்தான்" என்றான்.

மார்னி பேச்சை நிறுத்தினாள். கிட்டே வந்து, கவிச்சியைப் பொருட்படுத்தாமல் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அந்தக் கனிவு வந்தது. முதல் தடவையாக, அவனுக்காக.

"பைக்குள்ள ஏதாச்சும் இருந்துச்சா?"

"இல்ல. காலி."

ட்ச்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவளுக்கும் கேட்டுவிட்டது. அவள் கண்கள் அவன் முகத்தை விட்டுக் கீழே இறங்கின.

ட்ச். ட்ச். பனியனுக்குள்ளிருந்து.

ஒரு கனம். ஒரு சூடு. ஏதோ புரண்டது. நீளமான பாதம் ஒன்று விலா எலும்பை உள்ளேயிருந்து உந்தியது. வார்விக் பின்னால் நகரப் பார்த்தான். கால்கள் இல்லாதது போல இருந்தது. தரையில் கிடந்தான். எப்போது விழுந்தான்? கன்னத்துக்கு அடியில் தரை ஜில்லென்று இருந்தது.

மார்னி அலறவில்லை. மண்டி போட்டாள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள்.

"பயப்படாத தங்கம்" என்றாள். அவனிடம் அல்ல.

அவள் கை அவன் வயிற்றில் இருந்த பைக்குள் போனது. மணிக்கட்டு வரை. வலிக்கவில்லை. கத்த நினைத்தான். வாய் திறந்தபடியே இருந்தது. கை உள்ளே துழாவியது, நிதானமாக, பொறுமையாக.

"உயிரோட இருக்கு" என்று கிசுகிசுத்தாள்.

நாற்காலிப் பைகளிலிருந்து ஐந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஒன்றுகூட நடுங்கவில்லை.

அவள் முகம் முழுக்க அந்தக் கனிவு. வார்விக்கின் திறந்த கண்ணின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. இமைக்கப் பார்த்தான். ஈ கருவிழி மேல் ஊர்ந்து, ஓரத்துக்குப் போய், அங்கே நின்று நிதானமாகக் கால்களைத் தேய்த்துக்கொண்டது.