நாற்பத்திரண்டாம் குழாய்

அன்று காலை மாமியார் அடுப்பை அணைக்க மறந்தாள். பால் பொங்கி வழிந்தது. வேறு வீட்டில் இதற்குத் துணியை எடுப்பார்கள். இந்த வீட்டு மருமகள் நோட்டை எடுத்தாள்.

"என்னடி எழுதற?" மாமியார் பிடுங்கியே விட்டாள். "பதினோரு நாளா உன் ஆய்வுக்கூடத்து எலியப் பாக்கற மாதிரி என்னையே பாக்கறியே... இந்தா, நீ படி!"

நோட்டை வாங்கிய நாத்தனார் உரக்கப் படித்தாள். "'அத்தை: ஒரே கேள்வி, இரண்டு முறை.' ஐயோ அண்ணி, எங்க அண்ணனுமா? 'ஞாயிறு, சட்டை உள்பக்கம் வெளியே.' அடிப்பாவி, நானும் இருக்கேன்!"

"என்ன முதியோர் இல்லத்துல தள்ளறதுக்குத்தானே சாட்சி சேக்கற?" மாமியார் மூக்கை உறிஞ்சினாள். "பத்து வருஷம் உன் பிள்ளைங்களக் குளிப்பாட்டின கை இது!"

மருமகள் இப்போதுதான் துணியை எடுத்தாள். மூளை நரம்புகள் மெல்ல மெல்ல அழிந்து, மனிதர்கள் தங்களையே மறந்துபோகும் நோய்தான் அவள் ஆராய்ச்சி. பத்தொன்பது ஆண்டுகள். இரத்தத்தில் ஒரு புரதத்தை அளந்தால், அந்நோயை அது வெளியே தெரிவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவள் நம்பிக்கை. நோயாளிகளோடு ஒப்பிட நோயில்லாதவர்கள் வேண்டுமே! ஆள் கிடைக்காமல் கணவனையும் மாமியாரையும் நாத்தனாரையும் ஒரே நாளில் வரச் சொன்னாள். அவர்கள் இரத்தம் எடுத்த குழாய்கள் நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்துமூன்று வரை. எது யாருடையது என்ற பட்டியல் பூட்டிய அலமாரியில் இருந்தது. ஆய்வு முடியும்வரை அவளே கேட்டாலும் தரக்கூடாது; விதியை எழுதியவள் அவள்தான்.

நாற்பத்திரண்டில் புரதம் மலைபோல் ஏறியிருந்தது.

அன்று தொடங்கியதுதான் இந்த நோட்டு. ஆனாலும் யாரென்று கண்டுபிடிக்க வழியில்லை. மறதி அந்தக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. கணவன் ஒருமுறை பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, குளித்து, தலை துவட்டி, அங்கேயே பேப்பரும் படித்துவிட்டு வந்தவன். "நம்ம வீட்டு சோப்ப ஏன் மாத்தின?" என்றுதான் அவளிடம் கேட்டான். இப்படிப்பட்டவர்களிடம் நோயை எங்கே தேடுவது?

"வாயத் திறந்து சொல்லேன்மா!" என்றான் கணவன்.

சொன்னாள். அழுதுகொண்டே, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மூன்றில் ஒன்று என்பதுவரை.

நாத்தனார் தன் பிள்ளைகளின் பிறந்தநாட்களை முணுமுணுக்கத் தொடங்கினாள்; மூன்றாவதில் தடுமாறி அழுதேவிட்டாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்தான். கணவன் மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.

"இத்தனை நாளும் தனியாவா சுமந்த?" மாமியார் கேட்டாள். "பாவி நான்... அந்த மூணுல என் ரத்தமே இல்லடி!"

"என்ன அத்தை சொல்றீங்க?"

"எனக்கு ஊசின்னா உயிரே போயிரும். டாக்டரம்மா மாமியார் ஊசிக்குப் பயந்தான்னு நாலு பேர் சிரிக்க மாட்டாங்க? பக்கத்து நாற்காலில ஒரு அம்மா இருந்தா, என் வயசுதான். 'எனக்குப் பழக்கம், குடுங்க'ன்னு என் நம்பர் சீட்ட வாங்கிக்கிட்டா. பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, நம்பர்தான்னு சட்டம் போட்டது நீதானே? நம்பரக் கூப்பிட்டாங்க, அவ போனா."

"அவங்க... எப்படி இருந்தாங்க?"

"நல்லாத்தான் பேசினா. சீட்டு என்னத்துக்குன்னு மட்டும் மூணு தடவை கேட்டா."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே விம்மலாகிவிட்டது. அந்த அம்மாள் நோயாளிகள் வரிசையில் உட்கார வேண்டியவள்! மாமியார் மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அப்ப நாங்க தப்பிச்சோமா?" என்றான் தரையிலிருந்தவன்.

"அந்தம்மாவாத்தான் இருக்கும்னு தோணுதுங்க. பட்டியலத் திறந்தாத்தான் நிச்சயம். தப்பு நடந்திருச்சுன்னு ஆய்வுக் குழுகிட்ட நானே சொல்றேன். அந்த நாள் எடுத்த ரத்தக் கணக்கே போகும், என் பேரும் கெடும்... போகட்டும்."

சற்று நிறுத்தி, மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். "ஆனா அத்தை... அப்ப உங்களத்தான் யாருமே இன்னும் பாக்கல."

கிழவியின் முகம் வெளுத்தது. சமையலறைப் பக்கம் ஓடிவிடுவாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவள் செருப்பைத் தேடினாள்.

ஆய்வுக்கூடத்தில், ஊசி ஏறியபோது மாமியார் மருமகளின் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள். குழாய் நிரம்பியது.

"எதுவா இருந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லணும். ஒளிச்சு வெச்சு அழக்கூடாது."

"சரி அத்தை."

"என்ன எழுதற? நம்பரா?"

"இல்ல. உங்க பேரு."

"முழுசா எழுது," என்றாள் மாமியார். "எங்கப்பா பேரையும் சேத்து."

எழுதினாள். எண்ணுக்கென்று விட்ட இடம் போதாமல், அப்பா பேர் குழாயைச் சுற்றி வளைந்து போயிற்று.